பாரமா என்று கேட்டார்கள்

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறிய தம்பதி, பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பேச்சில் திருநெல்வேலி வாடை. பேருந்து நகர்ந்ததுமே அவள் கேட்டாள்:

“தூக்கம் வருதா, வலி இருக்கான்னு சிஸ்டர் வரிசையா கேட்டாவல்லா? வீட்டுக்குப் பாரமா இருக்கதா தோணுதான்னு கேட்டதுக்கு மட்டும் ஏன் ‘ரொம்ப’ன்னு சொன்னிய?”

“டயாலிசிஸ் தொடங்கினதும் என் கொத்தனார் வேலை போச்சு. நீதான ஓட்டல்ல பாத்திரம் கழுவுத? உள்ளதத்தான சொல்லணும்?”

“அத எங்கிட்டல்லா கேட்டிருக்கணும்!”

“கேட்டிருந்தா?”

“வீட்ல நீங்க இருக்கிய, அதான் வேலை முடிஞ்சதும் ஓடி வாரேன்னு சொல்லியிருப்பேன்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அடுத்த மாசமும் சிஸ்டர் கேட்டாவன்னா, ‘கொஞ்சம்’னு சொல்லுதேன்.”

“சரி,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பழவங்காடி நிறுத்தத்தில் இறங்கும்போது, அவர் தயங்காமல் அவள் தோளில் சாய்ந்துகொண்டார்.