ஸக்கரியாவின் நெஞ்சு

தேயிலை விளைகிற ஊரில் நல்ல தேநீர் கிடைக்காது என்பதை இன்று காலை நீங்களும் கண்டுபிடித்திருப்பீர்கள், டொக்டர். நல்லதெல்லாம் கப்பலேறிவிடும். மிஞ்சுகிற தூளைத்தான் இந்தக் கடைத்தெருவில் கொதிக்கவைத்து, சீனியை அள்ளிப் போட்டு, ஆளுக்கு ஆள் சிரித்துப் பேசிக்கொண்டு குடிக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் சிரிக்கிற சனம். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

இந்த விசாரணைக்காகக் கண்டியிலிருந்து வந்திருக்கிறீர்கள். பொய் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நுஹ்மான் உங்களிடம் சொன்னது உண்மைதான். ஆனால் அவனுக்குப் பாதிதான் தெரியும். மற்றப் பாதியை நான் சொல்கிறேன். ஒரு விஷயத்தைத் தலையிலிருந்து கால்வரை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் தியாகராஜா. சொந்த இடம் வடக்கு. இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் இந்தக் கடைத்தெருவில் அரசாங்க மருந்தகத்து அப்போதிக்கரி. டொக்டரை அனுப்ப மனமில்லாத ஊர்களுக்கெல்லாம் எங்களைத்தானே அனுப்புகிறார்கள். தோட்டத்துச் சனமும் கடைக்காரர்களும் என்னை "ஐயா" என்பார்கள். மிளகு வியாபாரி ஸக்கரியாவை "முதலாளி" என்பார்கள். இரண்டையும் சொல்லும்போது அவர்களுடைய முகம் எப்படி மாறும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சொல்லும்போது பார்வை தரைக்குப் போகும். அவருக்குச் சொல்லும்போது பல் முழுவதும் தெரியும்.

அறுபத்தாறாம் ஆண்டு சுகாதாரத் திணைக்களம் எங்களில் சிலரைக் கொழும்புக்கு அழைத்துப் புதிய முறையைப் பழக்கியது. அதற்கு முன்பு நாங்கள் தண்ணீரில் மூழ்கியவனைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்திக்கொண்டிருந்தோம். இப்போது மல்லாத்திக் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்செலும்பின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்த வேண்டும் என்றார்கள். ஆளளவில் ஒரு ரப்பர் பொம்மை வைத்திருந்தார்கள். நான் அழுத்தியபோது அது அசையவில்லை. பயிற்றுவித்தவர் என் கைமேல் தன் கையை வைத்து, முழுப் பாரத்தையும் இறக்கினார். பொம்மையின் நெஞ்சு பள்ளமாகிப் போனது. "விலா முறியும் என்று பயப்படாதே. முறிந்த விலா பொருந்திவிடும். நின்றுபோன நெஞ்சு பொருந்தாது," என்றார். மூன்றாம் முறையே எனக்குக் கைவந்துவிட்டது. அந்த வகுப்பில் என்னைத்தான் அவர் பாராட்டினார்.

திரும்பி வந்த சில மாதத்தில் தையல்காரன் ஸஹாப்தீனின் மகள் ஆற்றில் விழுந்தாள். தூக்கி வந்து மருந்தக மேசையில் போட்டார்கள். நான் ஊதினேன், அழுத்தினேன், பிள்ளை இருமிக்கொண்டு எழும்பியது. அதன் பிறகு கொஞ்ச நாள் நான் கடைத்தெருவில் நடந்தால் பெஞ்சிலிருந்து எழும்பி நிற்பார்கள். எனக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. அறிவில்லாதவன் எழும்பி நின்றால் என்ன, உட்கார்ந்திருந்தால் என்ன. ஒரு உண்மையாகத்தான் சொல்கிறேன், எழும்பி நின்றார்கள்.

அப்போதுதான் ஸக்கரியா ஒரு பார்சல் பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்தார். பெரிய உடம்பு, சட்டையெல்லாம் மிளகு மணம், வெற்றிலை போட்ட வாய். என் மனைவி தவமணிதேவிக்கு அந்தப் பக்கத்தில் பேச்சுத்துணை இல்லை. அவர் சொன்ன ஏதோ ஒரு பகடிக்கு அவளும் சிரித்தாள். வந்த காரியத்தை அவர் இப்படிச் சொன்னார்:

"ஐயா, உங்க கையில இருக்கிறது எங்க கையிலயும் இருந்தா நல்லந்தானே. நீங்க லீவுல ஊருக்குப் போயிட்டா நாங்க என்ன செய்யிறது? நாலு பேருக்குச் சொல்லிக் குடுங்க. என்ட ஸ்டோர்லயே வச்சிக்கலாம்."

அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் விஷயம். நான் வருஷக்கணக்கில் படித்து, பரீட்சை எழுதி, ஊர்விட்டு ஊர் வந்து கையில் எடுத்த ஒன்றை, ஒரு மூட்டை மிளகுபோலப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று அந்த மனிதர் நினைத்தார். உயிரைத் திருப்பித் தருகிற வேலை மிளகு நிறுக்கிறவனுக்கும் தையல்காரனுக்கும் வந்துவிட்டால், மருந்தகத்தில் எனக்கு என்ன மிச்சம்? புழுமருந்து கலக்குவதா? நான் முடியாது என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறேன் என்றேன்.

வகுப்பு மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நடந்தது. எங்களிடம் ரப்பர் பொம்மை இல்லை. யாராவது ஒருவர் கிடக்க வேண்டும். ஸக்கரியா சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார்.

"நான்தான் மய்யித்து. வாங்க, வந்து எழுப்புங்க," என்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கை வைத்தவுடன் அவருக்குக் கூச்சம் வந்துவிடும், வயிறு குலுங்கும், மறுபடி சிரிப்பு. நான் நெஞ்செலும்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர்கள் என்னைப் பார்க்க மாட்டார்கள், கிடக்கிற ஆளைப் பார்ப்பார்கள். ஒரு சந்தேகம் வந்தால்கூட, "முதலாளி, சரியா?" என்று அவரிடம்தான் கேட்டார்கள். சொல்லிக் கொடுக்கிறவன் நான். சரியா என்று கேட்பது பிணமாகக் கிடக்கிறவனிடம்.

முதலில் அழுத்த வந்தவன் நுஹ்மான். ஸக்கரியாவின் மருமகன், மகள் றமீஸாவின் புருஷன். மூட்டை தூக்கிப் பழகிய தோள். அவன் கையை வைத்து ஒரே அழுத்து அழுத்தினான். ஸக்கரியா "யா அல்லாஹ்" என்று இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால், அந்த வகுப்பில் நடந்த ஒரே சரியான அழுத்தம் அதுதான். நான் அவனிடம், "மெல்லமா, தம்பி. விலா முறிஞ்சா ஆள் செத்துப்போகும்," என்றேன்.

நீங்களே சொல்லுங்கள் டொக்டர், உயிரோடு இருக்கிறவன் நெஞ்சில் அப்படி அழுத்த விடலாமா? விடக்கூடாது. எந்த வாத்தியாரும் அதைத்தான் சொல்லியிருப்பான். அதற்கு அடுத்ததாகச் சொல்ல வேண்டிய ஒரு வசனம் இருக்கிறது: "இது பழகுவதற்காக. உண்மையில் மூச்சு நின்றவனுக்கு இப்படியல்ல, உன் பாரம் முழுவதையும் இறக்க வேண்டும்." அந்த வசனம் என் வாய்வரை வந்தது. நான் மறக்கவில்லை. அதை எனக்கே வைத்துக்கொண்டேன்.

வாரா வாரம் பழகினார்கள். நுஹ்மான் அழுத்துவான், ஸஹாப்தீன் லேஞ்சித் துணியை வாய்மேல் விரித்து ஊதுவான். பார்க்க அழகாக இருந்தது. பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ஒழுங்காக அழுத்தினார்கள். நான் பிழை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஸக்கரியா முட்டாள் அல்ல. அதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருநாள் வகுப்பு முடிந்து சாக்கை உதறிக்கொண்டே கேட்டார்:

"ஐயா, மெய்யாவே மூச்சு நின்ன ஆளுக்கும் இவ்வளவுதானா அமத்துறது? எனக்குக் கூச்சம்தான் வருது, வேற ஒண்டும் தெரியல்லியே."

"இவ்வளவுதான்," என்றேன்.

"நீங்க சொன்னாச் சரி," என்றார். அந்த ஆள் என்னை நம்பினார். தராசு பிடிக்கிறவன் எவனையும் நம்பக்கூடாது என்பதுகூடத் தெரியாமல் அவ்வளவு காலம் வியாபாரம் செய்திருக்கிறார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மேலே மலையில் மழை பெய்து ஆறு கலங்கி வந்தது. ஜும்ஆவுக்குப் போகுமுன் ஸக்கரியா குளிக்க இறங்கியிருக்கிறார். பாசிக்கல்லில் கால் வழுக்கி, தலை அடிபட்டு, தண்ணீருக்குள் போய்விட்டார். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியதில் நுஹ்மான் பாய்ந்து இழுத்துக் கரையில் போட்டிருக்கிறான். எனக்கு ஆள் வந்தது. சேர்ட் மாற்றிக்கொண்டு, குடையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

நான் போனபோது அவர்கள் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் பழகியபடியே நடந்தது. மல்லாத்தி, தலையைச் சாய்த்து, லேஞ்சி விரித்து ஸஹாப்தீன் ஊதுகிறான். நுஹ்மான் கையை மிகச் சரியான இடத்தில் வைத்து, மெதுவாக அழுத்துகிறான். ஸக்கரியாவுக்கு இந்த முறை கூச்சம் வரவில்லை. நுஹ்மான் என்னைக் கண்டதும் எழும்பி இடம் விட்டான்.

"ஐயா வந்துட்டீங்க. நீங்க செய்யிங்க, ஐயா. மாமாவ எழுப்புங்க."

எனக்கு இரண்டு வழி இருந்தது. முழங்காலில் விழுந்து, அந்த வெற்றிலை வாயில் என் வாயை வைத்து, அந்த நெஞ்சில் என் பாரத்தை இறக்கலாம். தையல்காரன் மகளுக்குச் செய்ததுபோல இவரும் எழும்பலாம். எழும்பினால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் அதை ஒரு பகடியாகச் சொல்லுவார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"நீயே செய்," என்றேன் நுஹ்மானிடம். "நல்லாத்தான் செய்யிறாய்."

அவன் திரும்பவும் குனிந்தான். நான் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். இதுவரை சொன்னது நுஹ்மானுக்கும் தெரியும். சென்ற மாதம் நீங்கள் பொம்மையோடு மாத்தளைக்கு வந்து, முதலுதவிப் போட்டியில் அவன் கைமேல் உங்கள் கையை வைத்து அழுத்திக் காட்டினீர்களே, அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. "இவ்வளவு அமத்தணுமா?" என்று உங்களிடம் கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். வாத்தியார் பிழையாகப் படிப்பித்துவிட்டார், நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவன் சொல்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது குற்றம் என்றால் ஒரு சின்னக் குற்றம்.

அவனுக்கு இன்னும் விளங்காத ஒரு நிமிஷம் இருக்கிறது. றமீஸா தலையில் முக்காடுகூட இல்லாமல் ஓடிவந்து "வாப்பா" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் நுஹ்மானுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோனது. அழுதுகொண்டே, மூட்டை அமுக்குகிறவன்போல, உடம்பு முழுவதையும் அந்த நெஞ்சில் இறக்கினான். ஒரு விலா முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி இறக்கினான். மறுபடியும். வாயோரம் தண்ணீர் வழிந்தது. தொண்டையில் ஒரு இழுப்பு வந்தது. நீலமாக இருந்த உதடு கொஞ்சம் வேறு நிறமாகியது. ஸஹாப்தீன் ஊதுவதை நிறுத்திவிட்டு, "ஐயா, மூச்சு வருது போல," என்றான்.

வந்துகொண்டிருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் குனிந்து நுஹ்மானின் தோளில் கை வைத்தேன். "அது மூச்சில்லை, உள்ளுக்குள்ள இருந்த காத்து," என்றேன். "விலா முறிஞ்சுபோச்சு. இனியும் இப்பிடி அமத்தினால் உன்ர மாமாவைக் கொல்லுறது நீதான். படிப்பிச்ச மாதிரி மெல்லமாச் செய்."

அவன் கேட்டான். பாரத்தை எடுத்துவிட்டு, மிளகு ஸ்டோரில் பழகியபடி மெதுவாக, மிகவும் ஒழுங்காக அழுத்தத் தொடங்கினான். அந்த இழுப்பு இன்னும் இரண்டு தடவை வந்தது. பிறகு வரவில்லை. "காணும்," என்று நான் சொல்லும்வரை அவன் நிறுத்தவில்லை. மரண விசாரணைக்கு வந்தவரும் என்னிடம்தான் கேட்டார். வழுக்கி விழுந்த மரணம் என்று சொன்னேன், அடக்கம் செய்ய விட்டுவிட்டார். ஜனாஸா எடுக்குமுன் நுஹ்மான் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தன்னால் முறிந்த அந்த விலாவுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மிளகு விற்கிறவனிடம் நான் பொறாமைப்பட என்ன இருக்கிறது? அன்றைக்கு ஆற்றங்கரையில் ஊரே நின்றது. நான் பேசத் தொடங்கியதும் றமீஸாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவரும் ஸக்கரியாவைப் பார்க்கவில்லை. அவ்வளவு பேரும், தையல்காரன், துவைக்க வந்த பெண்கள், கடைக்காரர்கள், எல்லோரும், நான் அடுத்து என்ன சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன் டொக்டர், இந்த ஊர்ச் சனம் என்னை என்ன நினைக்கிறது என்பதை நான் ஒருநாளும் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை.