முன் வரிசையில் இரண்டு இருக்கைகள்

— எட்டேகாலுக்கு பஸ். நீ இன்னும் ஒத்தைச் செருப்போட கட்டிலுக்கு அடியில என்ன தேடுறே, நிவேஸ்?

— இன்னொரு செருப்பைத்தான். கூவாதே. பக்கத்து அறைக்காரன் செவுத்தைத் தட்டப் போறான்.

— தட்டட்டும். இந்தக் கப்பலுக்குச் செவுரு வைக்கிறதுக்கு முன்னாடியே உள்ள படுத்து வெல்டிங் அடிச்சவன் நான். ஏழே முக்கால் ஆச்சு. நாலாம் நம்பர் பஸ்காரங்களைக் கூப்பிட ஆரம்பிச்சுருவாங்க.

— சில்வானோ, ஒண்ணு சொல்றேன், கேளு. இன்னைக்குப் போக வேணாம்யா.

— போக வேணாமா? விதியைப் படிச்சேன்ல. ஜனவரிக்குள்ள புக் பண்ணி மூணு ஊருக்கு முன்பணம் கட்டினா, நாலாவது ஊரு இலவசம். கோர்ஃபுதான் நாலாவது. மூணையும் பாத்துட்டு இலவசத்தை விடுறதா?

— ஓசின்னா பினாயிலும் குடிப்பே நீ. ஸ்பிளிட்டுல வெயில்ல காய வச்சே. கோட்டோர்ல கோட்டைப்படி ஏத்தினே, என் முட்டி இன்னும் எரியுது. ஒலிம்பியால உடைஞ்ச தூணு. அந்தத் தூணையாவது பாத்தியா? மரத்தடியில குறட்டை விட்டே.

— விட்டேன். இன்னைக்குத் தூங்க மாட்டேன்.

— ஏன், இன்னைக்கு என்ன விசேஷம்? அந்த வெள்ளைச் சட்டை எதுக்கு? கப்பல் பட்டறையில உன்னை வழியனுப்பி வச்ச அன்னைக்குப் போட்டது, அதுக்கப்புறம் இன்னைக்குத்தான். ரெண்டு தடவை சவரம் வேற பண்ணியிருக்கே. தாடை ரத்தமா கிடக்கு.

— அரண்மனைக்குப் போறோம். ஒரு மரியாதை வேணாமா?

— யாரு அரண்மனைன்னு தெரியுமா?

— யாரோ ஒரு ராணி. உனக்கு என்ன அதெல்லாம்? செருப்பைப் போடு.

— உக்காருய்யா.

— நேரமில்லை.

— உக்காருன்னா உக்காரு. இந்த ஊர்லதான் மிரெல்லா இருக்கா.

— செருப்பைப் போடுன்னேன்.

— நம்ம பொண்ணு. பன்னெண்டு வருசமா நீ பேரைச் சொல்லாத பொண்ணு. அவகிட்ட நான் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். இப்ப என்னைத் திட்டறதுன்னா திட்டிக்கோ.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— சனிக்கிழமை நான் சங்கத்துல சீட்டாடிட்டு வந்தா உன் கண்ணு வீங்கியிருக்கும். வெங்காயம் உரிச்சேன்பே. பன்னெண்டு வருசமா சனிக்கிழமைதோறும் வெங்காயம் உரிக்கிறே, தட்டுல ஒரு நாளாவது வெங்காயம் விழுந்துச்சா?

— மாதாவே! தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியா, பாவி மனுஷா?

— நீங்க ரெண்டு பேராவது பேசிக்கணும்னு சீட்டாட்டத்தை ஒரு மணி நேரம் இழுத்துக்கிட்டு இருந்தேன். எனக்குச் சீட்டாட்டம் பிடிக்கவே பிடிக்காது. சரி, எந்திரி. பஸ்சு.

— பஸ் இல்லைய்யா.

— இருக்கு. நாலாம் நம்பர்.

— நமக்கு இல்லை. நேத்து நீ தூங்கினப்போ கீழ போய் ரெண்டு டிக்கெட்டையும் ரத்து பண்ணிட்டேன்.

— ரத்தா?

— அப்படிப் பாக்காதே. மிரெல்லாகிட்ட, கோர்ஃபு வர்றோம், துறைமுகத்துக்கு எதிர்ல ஒரு காபிக் கடையில பாக்கலாமான்னு கேட்டேன். 'காலையில வேலை இருக்கும்மா, நீ அப்பாகூட ஏற்கெனவே பணம் கட்டின இடத்துக்கே போ, அப்புறம் பாத்துக்கலாம்'னா. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. இத்தனை தூரம் வர்றேன், அப்புறம் பாத்துக்கலாமாம். அப்பத்தான் முடிவு பண்ணேன். காபிக் கடையில காலையிலிருந்து உக்காந்துருவோம், அவ எப்ப வந்தாலும் வரட்டும். உன்னையும் இழுத்துக்கிட்டுப் போறதுன்னு. ஏன்யா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— எத்தனை மணிக்கு ரத்து பண்ணே?

— சாயங்காலம் அஞ்சே முக்கால் இருக்கும். ஆறு மணிக்குள்ளன்னா அபராதம் இல்லைன்னு நீதானே படிச்சுச் சொன்னே? இலவசமா வந்ததுக்குத் திருப்பித் தர ஒண்ணும் கிடையாதாம். ரெண்டு காபிக் கூப்பன் கொடுத்தா அந்தப் பொண்ணு.

— ரத்துச் சீட்டுல யார் பேரு?

— புக் பண்ணது உன் பேருல. உன் பேருதான் இருக்கும். ஏன்யா?

— ஆறு மணிக்குப் பேர்ப்பட்டியல் கரைக்குப் போகும், நிவேஸ். பஸ்ல வர்ற வழிகாட்டிக்கு.

— போகட்டுமே. எந்த வழிகாட்டிக்கு என்ன?

— மிரெல்லாதான் வழிகாட்டி.

— என்ன சொல்றே?

— அவதான் அந்தப் பஸ்ல. இத்தாலிக்காரங்களுக்கு நாலாம் நம்பர் பஸ்ல அரண்மனையைச் சுத்திக் காட்டுறவ. போன வருசம் போய்ட்டு வந்தவங்க எழுதினதைச் சங்கத்துக் கம்ப்யூட்டர்ல படிச்சேன். 'வழிகாட்டி மிரெல்லா, நம்ம பக்கத்துப் பேச்சு, சிரிச்சா வாயைக் கையால மூடிக்குவா'ன்னு ஒரு கிழவி எழுதியிருந்தா. உலகத்துல இன்னும் எத்தனை மிரெல்லா அப்படிச் சிரிப்பா?

— நீ... நீ அதுக்குத்தானா...

— வேற எதுக்கு? கப்பலை நாப்பது வருசம் பாத்தாச்சு, எனக்குக் கப்பல்ல போக என்ன ஆசை? இந்த ஒரு பஸ்சுக்குத்தான் கப்பலே. நாலு ஊரையும் சேத்து எடுத்தவனுக்கு நாலாவது ஊர்ல முன் வரிசை இருக்கை. அதான் சலுகை. அந்த மூணு ஊரையும் அதுக்காகத்தான் எடுத்தேன்.

— கோட்டோர்ல நான் அத்தனை படி ஏறினது...

— முன் வரிசைக்குத்தான்.

— முன் வரிசையில உக்காந்து என்ன பண்றதா இருந்தே?

— வழிகாட்டி டிரைவர் பக்கத்துல நின்னு, பஸ்ல இருக்கறவங்களைப் பாத்துத்தான் பேசணும். முன் வரிசைன்னா முகத்துக்கு முகம். மூணு மணி நேரம். நானும் எந்திரிச்சு ஓட முடியாது, அவளாலயும் முடியாது. அவ முகத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறது. அவ்வளவுதான் பண்றதா இருந்தேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா சனிக்கிழமை அவகிட்ட ஒப்பிச்சுருவே. அவ அன்னைக்கு லீவு போட்டுருவா.

— போட்டிருக்க மாட்டா. ஐயோ, சில்வானோ, போட்டிருக்க மாட்டா! 'ஏற்கெனவே பணம் கட்டின இடத்துக்கே போ'ன்னாளே! அவளுக்கு முன்கூட்டியே பேரு தெரியுமா?

— உத்தேசப் பட்டியல் ஒரு வாரத்துக்கு முன்னாடியே போகும். விதியில இருக்கு.

— அப்போ பாத்திருக்கா. உன் பேரைப் பாத்துட்டுத்தான் அப்படிச் சொல்லியிருக்கா. எனக்கு உறைக்கலையே. நாசமாப் போன புத்தி.

— இப்ப அழாதே. போனை எடு. சுற்றுலா மேசைக்குப் போடு. ஒலிபெருக்கியில வை.

— எந்த நம்பர்?

— ஏழு.

— வணக்கம், சுற்றுலா மேசை. யாத்விகா பேசறேன்.

— அம்மா, ஒம்பதாயிரத்து நாப்பத்தி ரெண்டாம் அறை. பேரு விசிந்தின். எங்க டிக்கெட்டு நேத்து தவறுதலா ரத்தாயிருச்சு. நாலாம் நம்பர் பஸ்சு. திருப்பிப் போட்டுக் கொடுங்க.

— மன்னிக்கணும் சார். அந்த ரெண்டு இருக்கையும் காத்திருப்போர் பட்டியல்ல இருந்தவங்களுக்கு நேத்து இரவே கொடுத்தாச்சு. முன் வரிசை இல்லையா, உடனே போயிருச்சு.

— பின் வரிசை இருந்தா கொடுங்க. முழுக் காசும் கட்டறேன். படிக்கட்டுல உக்காந்துக்கறேன்.

— பஸ் நிறைஞ்சுருச்சு சார். மூணாம் நம்பர்ல இடம் இருக்கு. அதே அரண்மனைதான்.

— மூணாம் நம்பர்ல வழிகாட்டி யாரு?

— ஸ்பிரோன்னு ஒருத்தர் சார். ரொம்ப நல்லா பேசுவார்.

— வேணாம்மா. அப்போ டிக்கெட் இல்லாம சும்மா கரைக்கு இறங்குறேன். இப்பவே.

— சுற்றுலாவுக்குப் பணம் கட்டினவங்க எல்லாரும் இறங்கினதுக்கு அப்புறம்தான் சார் மத்தவங்க இறங்க முடியும். ஒம்பது மணி ஆகும்.

— எனக்கு எழுவத்திரெண்டு வயசு. ஒரே ஒரு ஆளை மட்டும் விடக் கூடாதா?

— என் கையில இல்லை சார். இன்னொண்ணு... சொல்லலாமான்னு தெரியலை. உங்களுக்கு அந்த வழிகாட்டியைத் தெரியுமா?

— ஏன் கேக்குறீங்க?

— நேத்து ஏழு மணிக்கு அவங்க இங்க போன் பண்ணாங்க. இந்த ரெண்டு பேரும் அவங்களாவே ரத்து பண்ணாங்களா, கப்பல்ல ஏதாவது கோளாறான்னு கேட்டாங்க. பயணியோட பேருலதான் ரத்தாயிருக்குன்னு சொன்னேன். அப்புறம் மறுபடியும் அதையே கேட்டாங்க. நானும் அதையேதான் சொன்னேன் சார்.

— நன்றிம்மா.

— வச்சுட்டாளா?

— வச்சுட்டா. நீ மிரெல்லாவுக்குப் போடு.

— போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அணைச்சு வச்சிருக்கா. இது என்ன தலையெழுத்துய்யா... எல்லாம் அந்தப் பட்டறைக் கேட்டுல ஆரம்பிச்சது. வேலைநிறுத்தத்தப்போ அவ வேலைக்குன்னு உள்ள போனது தப்புதான். ஆறு மாச ஒப்பந்தத்துல இருந்த பொண்ணு, பயந்துட்டா. உள்ள போறவங்க யாரா இருந்தாலும் வெளிய நிக்கறவங்க பேசாம முதுகைத் திருப்பணும், அதுதான் வழக்கம், சரி. எண்பது பேரு நின்னீங்க. முதல்ல திரும்ப உனக்கு என்ன அவசரம்?

— நான் திரும்பலைன்னா அந்த எண்பது பேரும் என் முகத்தைப் பாத்திருப்பாங்க. அதை அவகிட்டச் சொல்லணும்னுதான் ஆறு மாசமா மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டு இருக்கேன். 'கோபத்துல திரும்பலைடி. அழுதுட்டேன், அதான் திரும்பினேன்'னு. ரெண்டு வரிதான். பஸ்ஸை விட்டு எல்லாரும் இறங்கினதுக்கு அப்புறம் சொல்றதா இருந்தேன்.

— மத்தியானம் சொல்லு. காபிக் கடையில.

— வருவான்னு நினைக்கிறியா? முன் வரிசையில உக்கார வேண்டியவன் கிளம்புறதுக்கு முந்தின நாள் பேரை அடிச்சுட்டான். அவளுக்கு எப்படி இருக்கும்? நான் ரெண்டாந்தடவை திரும்பிட்டேன், நிவேஸ்.

— நான்தான்யா அடிச்சேன்.

— சீட்டுல என் பேருதானே.

— பால்கனிக்கு வா. பஸ்செல்லாம் இந்தப் பக்கம்தான் நிக்குது. இங்கிருந்தாவது கூப்பிடுவோம்.

— ஒம்பது மாடி. கேக்காது.

— பாக்கவாவது பாப்பா. வா. கம்பியைப் பிடிச்சுக்கோ.

— மஞ்சளா தெரியுறதெல்லாம் பஸ்சா?

— ஆமா. எத்தனை தடவை சொன்னேன், அந்தக் கண்ணைக் காட்டுன்னு. வெல்டிங் நெருப்பு தின்னது பத்தாதுன்னு புரையையும் வளத்துக்கிட்டு...

— அப்புறம் திட்டு. நாலாம் நம்பர் எது?

— ஒண்ணு, ரெண்டு, மூணு... அதோ. கடைசியில. சில்வானோ... அவதான்யா. முடியைக் குட்டையா வெட்டியிருக்கா. மெலிஞ்சு போயிருக்கா.

— நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்கு ஒரு புள்ளிதான் தெரியுது. என்ன பண்ணிக்கிட்டு இருக்கா?

— ஒரு கையில நாலுன்னு எழுதின பலகை. இன்னொரு கையில சிவப்புக் குடை, தூக்கிப் பிடிச்சிருக்கா, கூட்டம் பாக்கட்டும்னு. ஒவ்வொருத்தரா ஏத்திவிடுறா. மிரெல்லா! மிரெல்லா!

— கேக்காதுன்னேன்ல.

— நீ உன் சட்டையைக் கழட்டு.

— என்னடி?

— வெள்ளைச் சட்டைய்யா. கழட்டி ஆட்டு. பட்டறையில கிரேன்காரனுக்குக் காட்டுவியே, அப்படி. அவ சின்ன வயசுல எத்தனை தடவை பாத்திருக்கா.

— இந்தா... புடி, பொத்தான்... விடு, பிய்ஞ்சா பிய்ஞ்சு போகுது. ஆட்டுறேன். பாக்குறாளா?

— இன்னும் இல்லை. ஆட்டிக்கிட்டே இரு.

— பாக்குறாளா?

— இரு... தலையைத் தூக்குறா. இந்தப் பக்கம்தான். பாத்துட்டாய்யா! நம்மளைத்தான் பாக்குறா!

— என்ன பண்றா?

— நிக்கிறா. அப்படியே நிக்கிறா.

— சரி. அப்புறம்? நிவேஸ், நான் இன்னும் ஆட்டிக்கிட்டு இருக்கேன். என்ன பண்றா?

— ...

— வாயைத் திறந்து சொல்லுடி.

— கை... கை காட்டுறாய்யா. உனக்குத்தான். நல்லா வீசி வீசிக் காட்டுறா.

— பலகையையும் குடையையும் எங்க வச்சா?

— ரெண்டும்... ரெண்டும் கையிலதான் இருக்கு.

— சரி, நிவேஸ். முதுகுதானே காட்டுறா? சட்டையைப் போட்டுக்கறேன், குளிருது.