அவருக்குப் பதில் நான்

— அக்கா, நான் கூப்பிட்டது ஆம்பளைப் பேரு. நீங்க எதுக்கு எழுந்து வர்றீங்க?

— அவரு என் வீட்டுக்காரர், சிஸ்டர்.

— சரி, அவரை வரச் சொல்லுங்க. டீ குடிக்கக் கீழே போயிருந்தா கதை கந்தல், சொல்லிட்டேன். குடல் பார்க்கிற அன்னைக்கு வாயில பச்சத்தண்ணிகூட கேட்காமப் படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு.

— டீயும் குடிச்சாச்சு, ரொட்டியும் தின்னாச்சு. வீட்ல கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருக்காரு. போய் ரத்து பண்ணிட்டு வான்னு என்னை அனுப்பினாரு.

— அப்போ நாங்க கொடுத்த மருந்துத் தண்ணி? வயித்தைக் கழுவுறதுக்குக் கொடுத்தோமே?

— ஒரு வாய் குடிச்சாரு. கடல் தண்ணி மாதிரி இருக்காம். எனக்கென்ன கேடு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்னு டம்ளரைத் தள்ளி வச்சிட்டாரு.

— இதை ஒரு போன்ல சொல்லியிருக்கலாமே அக்கா! அந்த நேரத்துக்கு வேற ஒருத்தரைக் கூப்பிட்டிருப்போம். இந்த வரிசையில இடம் கிடைக்கிறதுக்கு ஜனங்க எப்படிக் காத்துக் கிடக்குது தெரியுமா?

— தெரியும். அதான் ரத்து பண்ணலை. அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன்.

— என்னது?

— மிச்சத் தண்ணியை நான் குடிச்சேன். இருந்தது அத்தனையும். அப்புறம் கழிவறையே கதின்னு கிடந்தேன். இப்போ உள்ள கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி இருக்கு. எங்க படுக்கணும்னு சொல்லுங்க.

— ஐயையோ, இது என்ன கூத்து! இது என்ன சினிமா டிக்கெட்டா, அவரு போகலைன்னா நீங்க போய் உட்கார்ந்துக்கறதுக்கு? அந்த மருந்து சர்பத் இல்லக்கா. சிறுநீரகம் எப்படி, இதயம் எப்படின்னு பார்த்துட்டுக் கொடுக்கறது. வழியில சுருண்டு விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது?

— விழலையே. படியேறித்தான் வந்தேன். நடுவுல கொஞ்சம் உட்கார்ந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

— முதல்ல இங்க உட்காருங்க. கையை நீட்டுங்க, பிரஷர் பார்க்கணும்... அக்கா, நகமெல்லாம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?

— அதைச் சொல்லத்தான் வந்தேன். ரத்தம் போகுது.

— எவ்வளவு நாளா?

— நாள் கணக்கு நான் வைக்கலை, இடுப்புக் கணக்குதான் வச்சிருக்கேன். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஃபேக்டரியில வேலை எனக்கு. என் உடுப்பையெல்லாம் ஒரு தடவை உள்ள பிடிச்சுத் தைச்சேன். அப்புறம் மறுபடியும் பிடிச்சேன். இப்போ மூணாவது தடவை பிடிச்சதும் தொளதொளங்குது. இனிமே பிடிக்கத் துணி இல்லை.

— வீட்ல சொல்லலையா?

— சொல்லாம? அவருகிட்ட சொன்னேன். சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும், தண்ணி நிறைய குடின்னாரு. மாமியார்கிட்ட சொன்னேன். பொம்பளை உடம்புன்னா நாலும் இருக்கும், ஊரைக் கூட்டாதேன்னாங்க. ஆனா அவருக்கு மட்டும் கம்பெனிச் செலவுல வருஷா வருஷம் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பரிசோதனை. வண்டியை சர்வீசுக்கு விட்டு எடுக்கற மாதிரி. இந்த வருஷம் குடலையும் சேர்த்திருக்காங்க. எனக்கும் பார்க்கச் சொல்லேன்னு கேட்டேன். அது வேலை பார்க்கிறவங்களுக்குத்தான்னாரு. அப்போ நான் என்ன சிஸ்டர், ஊஞ்சல்லயா ஆடிக்கிட்டிருக்கேன்?

— உங்க ஃபேக்டரியில எதுவும் கிடையாதா?

— எங்க ஃபேக்டரியில கழிவறைக்குப் போறதுக்கே மேற்பார்வையாளரைக் கேட்கணும். போயிட்டு வந்தா, தைச்சு முடிச்ச துணிக் கட்டையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்ப்பான்.

— அதுக்காக இப்படியா வர்றது? முறையா வெளி நோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தா அவங்களே எழுதிக் கொடுத்திருப்பாங்க.

— முறையாவும்தான் சொல்லிப் பார்த்தேன் சிஸ்டர். முறைக்குக் கிடைச்சது ஒரு களிம்பு. மூலம்னு சொல்லிட்டாங்க.

— யாரு சொன்னது?

— ஒரு டாக்டர்தான். விடுங்க.

— உஷ், மேடம் வர்றாங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க, நான் பதமாச் சொல்றேன்.

— என்ன சிஸ்டர், அடுத்தவர் இன்னுமா உடை மாத்தலை? இவங்க யாரு?

— மேடம், அது வந்து... அந்தக் கம்பெனி ஆளு வரலை. இவங்க அவரோட வீட்டம்மா. மருந்தை இவங்க குடிச்சிட்டு வந்திருக்காங்க.

— குடிச்சிட்டு வந்திருக்காங்களா? யாரைக் கேட்டு? இங்க பாருங்கம்மா, இது விளையாடற இடம் இல்லை. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தரைப் படுக்க வச்சா என் உத்தியோகம் போயிடும். புரியுதா?

— புரியுது டாக்டர். ஆனா எனக்கு ரத்தம் போகுது.

— எப்படிப் போகுது? கடைசியில சொட்டுதா, மலத்தோட கலந்து வருதா?

— கலந்து. சில நாள் சளி மாதிரியும் வரும். போயிட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரியே இருக்கும். மெஷின்ல உட்கார முடியாது.

— இளைச்சிருக்கீங்களா?

— மூணு தடவை உடுப்பைப் பிடிச்சாங்களாம் மேடம். நகத்தைப் பாருங்க, காகிதம் மாதிரி.

— உங்க குடும்பத்துல யாருக்காவது குடல்ல கட்டி, புற்றுநோய்?

— என் அண்ணன் அதுலதான் போனாரு. இப்போ எனக்கு இருக்கிற வயசுகூட அவருக்கு ஆகலை.

— அண்ணனா? கூடப் பிறந்த அண்ணனா? இவ்வளவையும் வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க இத்தனை நாளா?

— களிம்பு போட்டுக்கிட்டிருந்தேன் டாக்டர். மூலம்னு சொல்லி எழுதிக் கொடுத்தாங்க.

— உங்க அண்ணன் விஷயத்தை அந்த ஆளுகிட்ட சொன்னீங்களா?

— வாயெடுத்தேன். அதுக்குள்ள எனக்குப் பின்னாடி நின்னவளைக் கூப்பிட்டாச்சு.

— சிஸ்டர், அந்த மனுஷன் பேரை எடுத்துட்டு இவங்க பேர்ல புதுசாப் பதிவு பண்ணுங்க. அவசரம்னு போடுங்க. ரத்தம் எடுத்து உடனே அனுப்பி, முடிவு வந்ததும் சொல்லுங்க. அது சரியா இருந்தா இன்னைக்கே பார்த்துடலாம்.

— மேடம், ஆபீஸ்ல கத்துவாங்களே.

— கத்தட்டும். என்கிட்ட வந்து கத்தச் சொல்லுங்க. கூட யாரும்மா வந்திருக்கா?

— யாரும் இல்லை.

— அப்போ மயக்க ஊசி போட முடியாது. போட்டா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்.

— ஊசி வேண்டாம். என் உடம்பை இதுவரைக்கும் எல்லாரும் வாயாலயே பார்த்திருக்காங்க. நான் முழிச்சிருந்து கண்ணால பார்க்கிறேன்.

— வலிக்கும்மா. நடுவுல வேண்டாம்னு கத்தினா நிறுத்திடுவேன், புரியுதா?

— ரெண்டு புள்ளை பெத்தவ டாக்டர். குழாய்க்கா கத்தப்போறேன்?

— ரத்த முடிவு வந்தாச்சு மேடம். உப்பெல்லாம் சரியா இருக்கு. ரத்தம்தான் ரொம்பக் கம்மி.

— சரி, ஆரம்பிக்கலாம். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா. முட்டியை நெஞ்சுகிட்ட மடக்குங்க. குழாய்க்கு முன்னாடி விரல் வச்சுப் பார்ப்பேன். உடம்பைத் தளர விடுங்க... இன்னும் கொஞ்சம்... ம்.

— என்ன டாக்டர்?

— ஒண்ணும் இல்லை. சிஸ்டர், குழாயைக் கொடுங்க.

— விரல் வச்சதும் பேச்சை நிறுத்திட்டீங்க.

— பேசாமப் பார்த்தாத்தான் எனக்குத் தெரியும். நீங்க திரையைப் பாருங்க, அதோ. இதெல்லாம் உங்க குடல்.

— இவ்வளவு இளஞ்சிவப்பாவா இருக்கும்? நான் கறுப்பா இருக்கும்னு நினைச்சேன்.

— எல்லாரும் அப்படித்தான்க்கா நினைப்பாங்க. மூச்சை இழுத்து விடுங்க. நான் வயித்தை அமுக்கிப் பிடிச்சுக்கறேன், இந்த வளைவுலதான் கொஞ்சம் இழுக்கும்.

— அம்மா...! போங்க, போங்க டாக்டர். நிறுத்தாதீங்க.

— அவ்வளவுதான், கடைசி வரைக்கும் போயாச்சு. இனிமே மெதுவா வெளியே வருவேன். போகும்போது வழிதான் பார்ப்போம். வரும்போதுதான் குடலையே பார்ப்போம்.

— இப்போ ஏன் போன இடத்துக்கே திரும்பிப் போறீங்க?

— அங்க ஒரு மடிப்பு இருக்கு. அதுக்குப் பின்னாடி பார்க்கலை. அவசரமா உருவினா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். சிஸ்டர், தண்ணி அடிங்க... இன்னும் கொஞ்சம்... பார்த்தீங்களா? ஒளிஞ்சிருக்கு.

— அந்தக் குட்டி மொட்டா?

— அதேதான். இப்போதைக்குச் சாது. வருஷக்கணக்கா விட்டு வச்சா சிலதுக்குப் புத்தி மாறும். கம்பி வளையத்தைப் போட்டு இப்பவே வெட்டிடறேன். வலிக்காது.

— போயிடுச்சா? அவ்வளவுதானா? நூல் பிசிறை நறுக்கற மாதிரி இருக்கு!

— அவ்வளவுதாம்மா. இதைத்தான் தொண்டை வத்தச் சொல்லிட்டிருக்கோம். இப்படி இருக்கும்போது கண்ணுல பட்டா அதோட கதை முடிஞ்சுது.

— அப்போ எனக்கு முடிஞ்சுதா?

— இருங்க. இன்னும் கீழே வரணும்.

— மேடம், இது...

— பார்த்துட்டேன் சிஸ்டர். படம் எடுங்க. இந்தப் பக்கமும் எடுங்க. சதைத் துண்டு எடுக்கற இடுக்கியைக் கொடுங்க.

— டாக்டர், இது மொட்டு மாதிரி இல்லையே. கரடு முரடா இருக்கு. நடுவுல புண்ணு மாதிரி.

— ஆமாம்மா.

— இதுவும் சாதுவா?

— இல்லை. உங்ககிட்ட மழுப்ப மாட்டேன். துண்டு எடுத்து அனுப்பறேன், முடிவு வரட்டும். ஸ்கேன் எடுத்தாத்தான் குடல் சுவரைத் தாண்டியிருக்கா இல்லையான்னு தெரியும். வைத்தியம் இருக்கு, கண்டிப்பா இருக்கு. ஆனா மூலம் இல்லை இது. மூலம் மாதிரிகூட இல்லை.

— இதுவும் முன்னாடி அந்த மொட்டு மாதிரி இருந்ததா?

— இருந்திருக்கும். அப்போ பார்த்திருந்தா அதை நறுக்கின மாதிரி இதையும் நறுக்கியிருக்கலாம். களிம்பு எழுதின அன்னைக்குக்கூட இதைவிடச் சின்னதாத்தான் இருந்திருக்கும்.

— அக்கா, அழாதீங்க. என் கையைப் பிடிச்சுக்கோங்க.

— நான் அழலை சிஸ்டர். கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான்.

— டாக்டர்னு சொல்லிக்கவே வெட்கமா இருக்கு சிஸ்டர்! எங்க இருக்கு பாருங்க இது! குழாய் வேண்டாம், திரை வேண்டாம், இந்த மெஷின் எதுவுமே வேண்டாம். ஒரு கையுறையைப் போட்டு விரல் வச்சிருந்தாத் தட்டுப்பட்டிருக்கும்! அதுக்குக்கூட நேரம் இல்லையா அந்த மகராசனுக்கு? அண்ணன் இதுல போயிருக்காரு, நகம் வெளுத்துக் கிடக்கு, களிம்பு எழுதுறானாம் களிம்பு! யாரும்மா அது? சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரி?

— வேண்டாம் டாக்டர். இப்போ அது எதுக்கு?

— எதுக்கா? உங்களுக்குப் பின்னாடி நின்னவளுக்கும் அதே களிம்புதானே கொடுத்திருப்பான்? அவ வயித்துல என்ன இருக்கோ! நீங்க சும்மா விடலாம், நான் விடமாட்டேன். மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதறேன்.

— கோபப்படாதீங்க. அவங்களும் கெட்டவங்க இல்லை. அன்னைக்குக் கூட்டம் அப்படி.

— கூட்டம் எங்களுக்கு இல்லையா? உங்களையும்தாம்மா சொல்றேன். ஒருத்தன் மூலம்னு சொன்னா அதோட மூடி வச்சிடறதா? வேற இடத்துக்குப் போய்ச் சண்டை போட வேண்டாமா? புருஷனுக்குன்னா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவீங்க. உங்களுக்குன்னா வாயில பூட்டு. பொம்பளைங்க மறைச்சு மறைச்சுத்தான் எங்ககிட்ட வரும்போது எல்லாம் கை மீறிப் போயிருக்கு.

— மறைக்கலை டாக்டர்.

— நீங்க இல்லைன்னா வேற ஒருத்தி. நான் பார்க்காததா? ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கணும்னு உங்களை மாதிரி தையல் ஃபேக்டரிங்களுக்கு நானே முகாம் போட்டுப் போனேன். லீவு நாளை விட்டுட்டுப் போனேன். துணி வெட்டுற மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரத்தம் போனா கூச்சப்படாமச் சொல்லுங்கன்னு கத்தினேன். வரிசை வரிசையா வந்தாங்க. ஒருத்தியாவது வாயைத் திறந்தாளா?

— நான் திறந்தேன் டாக்டர். நீங்க குனிஞ்ச தலை நிமிராம, "மூலம், அடுத்தவங்க வாங்க"ன்னீங்க.