நேத்து ராத்திரி நீங்க சிரிச்சீங்க

— சிரிச்சீங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

— யாரு, நானா?

— இல்ல, அந்த வாஷிங் மெஷின் சிரிச்சுது! நேத்து ராத்திரி... இதே பட்டறையில... இதே தரையில...

— ஏதாவது கனவு கண்டு சிரிச்சிருப்பேன்மா. அந்த ஸ்பானரைக் கொஞ்சம் எடு.

— கனவு காணறவங்க எந்திரிச்சு நின்னு, நெஞ்சுல கை கட்டிக்கிட்டா காணுவாங்க?

— ஸ்பானரைக் கேட்டேனே...

— ஸ்பானர் எங்கயும் ஓடிப் போகாது. என் முகத்தைப் பாருங்க.

— நீ... எப்ப கீழ வந்தே?

— அது இருக்கட்டும். ‘குறட்டை விடறேன், உன் தூக்கம் கெடும்’னு சொல்லித்தானே பாயைச் சுருட்டிக்கிட்டு மாடியிலேர்ந்து இறங்குனீங்க?

— குறட்டை நிஜந்தானே?

— ஊருக்கே கேக்கும். கல்யாணமான நாள்லேர்ந்து அதைக் கேட்டுத்தான் தூங்கறேன். இப்ப அது இல்லாமத்தான் தூக்கம் வரல. புருஷன் எனக்காகத் தரையில கிடக்கறாரேன்னு நான் உருகறேன், இவரு இங்க...

— பாய்! உள்ள இருக்கீங்களா பாய்?

— ஐயோ, லாண்டரிக்காரர். கண்ணைத் துடை... வாங்கண்ணே!

— என் மெஷின் முடிஞ்சுதா பாய்? கடையில துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு.

— ட்ரம் பேரிங் இன்னும் வரலண்ணே. சாயங்காலம் பாருங்க.

— சரி சரி... என்னம்மா, கண்ணு செவந்திருக்கு?

— சோப்புத்தூள் பட்டுடுச்சுண்ணே.

— பார்த்தும்மா. வரேன்.

— ...போயிட்டாரா?

— போயிட்டார். கதவைச் சாத்துங்க. இப்ப சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? தஹஜ்ஜத் தொழுதேன். நடுராத்திரி எந்திரிச்சுத் தொழறது ஒரு குத்தமா?

— நீங்களா? விடிகாலை ஃபஜ்ருக்கே மூஞ்சியில தண்ணி தெளிச்சு எழுப்பணுமே உங்களை!

— எனக்கும் அதான் ஆச்சரியம். அலாரம்கூட வைக்கறதில்ல. தானா முழிப்பு வந்துடுது.

— தொழுங்க, யாரு வேணாம்னா? ஆனா சிரிச்சீங்க! நம்ம சிட்டு கடைசியாப் போட்டிருந்த கவுனை நான் இன்னும் துவைக்கலங்க. வாசம் போயிடும்னு தலையணைக்குள்ள வெச்சிருக்கேன். நீங்க என்னடான்னா... அவளை எடுத்துக்கிட்டவன் முன்னாடியே நின்னு...

— அடியே! அப்படிச் சொல்லாதே.

— சொல்வேன். ஆறு வயசுப் புள்ள. காய்ச்சல்னுதானே தூக்கிட்டுப் போனோம்...

— நான்தான் தூக்கிட்டுப் போனேன். திரும்பி வரும்போதும் நான்தான் தூக்கிட்டு வந்தேன். எனக்குத் தெரியாதா?

— அப்ப எப்படிங்க சிரிப்பு வந்துச்சு?

— உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காரு... இங்க பாரு, நான் தொழறதுக்குக் கீழ வரல. சண்டை போட வந்தேன்.

— யார்கிட்ட?

— அல்லாஹ்கிட்ட.

— என்னங்க சொல்றீங்க...

— ‘ஏன் அவளை எடுத்தே?’ன்னு கேக்கணும். வேற யார்கிட்டப் போய்க் கேப்பேன்? உன்கிட்டயா? நீயே நொறுங்கிப் போய்க் கிடந்தே. பகல்ல வாயைத் தெறந்தா, ‘பொறுமையா இரு பாய், பொறுமையா இரு’ன்னு முதுகைத் தட்டிட்டுப் போறாங்க. ராத்திரியிலதான் குறுக்க யாரும் பேசல. கை கால் கழுவி ஒளு செஞ்சு, விரிப்பைப் போட்டு, நெத்தியை வெச்சு... விடியற வரைக்கும் கேட்டேன்.

— ...பதில் வந்துச்சா?

— இல்ல. ‘போதும், நிறுத்து’ன்னும் வரல. மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும். திட்டத்தான் போனேன், அழத்தான் போனேன்... அப்புறம் ஒருநாள் மத்தியானம், யாரோ வீட்டு மோட்டாரைக் கழட்டிக்கிட்டு இருக்கேன், எப்படா ராத்திரி வரும்னு மனசு கெடந்து துடிக்குது. எனக்கே திக்குனு ஆயிடுச்சு. ‘டேய், நீ அழறதுக்கா ஏங்கறே, இல்ல...’

— இல்ல?

— அவன் முன்னாடி போய் நிக்க, புது மாப்பிள்ளை மாதிரி தவிப்பா இருந்துச்சுன்னா நம்புவியா?

— வெக்கமா இல்ல உங்களுக்கு?

— இருந்துச்சு. அதான் உன்கிட்டச் சொல்லல. நீ மேல அழுதுகிட்டு இருக்கே, நான் கீழ சந்தோஷமா இருக்கேன்னு எந்த வாயால சொல்றது? நீ பசியில கிடக்கும்போது நான் மட்டும் திருடித் தின்ன மாதிரி...

— அதுக்குப் பேரு சந்தோஷமா?

— வேற பேரு எனக்குத் தெரியல.

— நேத்து சிரிச்சது?

— அது... சிட்டு.

— சிட்டுவா?

— நான் சஜ்தாவுல குனிஞ்சு நெத்தியை வெச்சா பக்கத்துல வந்து தலையைத் தரையில வெச்சுப் பார்ப்பாளே... ‘அப்பா, கீழ என்ன தொலைச்சே? நானும் தேடவா?’ன்னு...

— ...உங்க தொப்பியைத் தூக்கிப் பார்ப்பா. அதுக்கடியில இருக்கான்னு.

— ஆமா! நேத்து அது ஞாபகம் வந்துச்சு. இத்தனை நாளா அவளை நெனச்சா நெஞ்சை யாரோ கல்லு வெச்சு அழுத்தற மாதிரி இருக்கும். நேத்து அழுத்தல. அவ சொன்னதை அப்படியே அல்லாஹ்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. எந்திரிச்சு நின்னேன்... சிரிப்பு வந்துடுச்சு.

— சத்தம் போட்டுச் சிரிச்சா தொழுகை முறிஞ்சிடும்.

— முறிஞ்சுது. திரும்பத் தக்பீர் கட்டி முதல்லேர்ந்து தொழுதேன். திட்டணும்னா திட்டிடு.

— திட்ட வரல.

— இவ்வளவு நேரம் பின்ன என்ன பண்ணினே?

— உங்களைத் திட்டல... எனக்கு ஒண்ணு சொல்லுங்க. கோபத்தோட வந்து நின்னா அங்க சேர்த்துக்குவானா?

— நான் வேற எப்படிப் போனேன்?

— சந்தோஷத்தோட வந்தா? புள்ளையைப் பறிகொடுத்தவ, வெக்கமே இல்லாம, சந்தோஷத்தைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா?

— என்னம்மா சந்தோஷம்? ஏய்... நேத்து எதுக்குக் கீழ வந்தே?

— உங்களை எழுப்பிச் சொல்லத்தான் வந்தேன். நான் முழுகாம இருக்கேங்க. நேத்து டாக்டரம்மா சொன்னதும், சிட்டு போனதுக்கப்புறம் முதல் தடவையா, என்னையறியாம வாய்விட்டுச் சிரிச்சுட்டேன்... உடனே ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டேன், அவ காதுல விழுந்துடக் கூடாதேன்னு.