வெங்காயம் போடாத கொஷாரி

— படிங்க. ஏனுங்க நிறுத்திட்டீங்க?

— போதும் தேவி. 'ஓனர் ஜெய்ராம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறார். கொஷாரிங்கற பருப்புச் சோறுதான் ஆஸ்பத்திரிக் கஞ்சி.' ஒரு ஸ்டார்.

— அடுத்தது?

— 'ஆட்டுக் கோஃப்தா பிரமாதம்.' அஞ்சு. அதுக்குக் கீழேயே, 'பருப்பு சூப்ல உப்பைத் தவிர ஒண்ணுமில்ல.' ஒண்ணு. எல்லாம் ஞாயித்துக்கிழமை வந்தவங்க. கடை திறந்து நாலு மாசம்கூட ஆகல, டாலிகஞ்ச் ஏரியா பூரா இதைப் படிச்சிட்டிருக்கும்.

— அதுக்காக நேத்து உத்தம்தாவை வேலையை விட்டு அனுப்புவீங்களா? கெய்ரோ ஓட்டல்ல ஒன்பது வருஷம் சமைச்ச மனுஷன். நாம ரெண்டு பேரும் அவர் கையை நம்பித்தானே எகிப்துச் சாப்பாடுன்னு போர்டு மாட்டினோம்? மத்தியானம் யாரு அடுப்புல நிக்கிறது?

— அட, வேற ஆள் கிடைப்பான்.

— எங்க கிடைப்பான்? இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்காம செத்த உக்காருங்க. ஒரே அடுப்பு, ஒரே கை. ஒரு மேஜைக்கு அமிர்தம், ஒரு மேஜைக்குக் கஞ்சின்னா எப்படிங்க?

— எனக்கென்ன தெரியும். விடு.

— போனைக் கொடுங்க. இந்தாங்க, இதுவும் கொஷாரிதான், அஞ்சு ஸ்டார். 'என் மாமியார் வெளியில கை நனைச்சதே கிடையாது. வெங்காயம், பூண்டு ஒண்ணும் சேர்க்காம செஞ்சு கொடுத்தாங்க, முதல் தடவையா வயிறு நிறைய சாப்பிட்டார்.' வெங்காயம் இல்லாமயா? சோத்துமேல தூவற பொரிச்ச வெங்காயம்தானே கொஷாரிக்கு உயிரே?

— ம்.

— ஏனுங்க, ஞாயித்துக்கிழமை சர்வர் லீவு, நான்தானே ஆர்டர் எடுத்தேன். கறி வேண்டாம்னு சொன்ன மேஜைக்கெல்லாம் சீட்டுல 'நிராமிஷ்'னு எழுதினேன். உத்தம்தாவுக்கு பெங்காலிதானே படிக்க வரும்னு, கீழ்வீட்டு பெங்காலி அம்மாகிட்ட கத்துக்கிட்ட எழுத்துல ஆசை ஆசையா எழுதினேன். நிராமிஷ்னா சைவம்தானே?

— இந்த ஊர்ல நிராமிஷ்னா வெங்காயமும் பூண்டும்கூட ஆகாது. விரதச் சாப்பாடு மாதிரி.

— நீங்க இங்கயே பிறந்தவரு, உங்களுக்குத் தெரியும். கோயமுத்தூர்லருந்து வந்தவளுக்கு யாரு சொன்னா? ஐயோ, அப்ப அவர் நான் எழுதினபடிதான் செஞ்சிருக்கார்.

— ம்.

— அப்புறம் என்ன 'ம்'? எழுந்திரிங்க. இன்னைக்கு சொந்த ஊர் மெதினிப்பூர் போறேன்னு பான் கடையில சொல்லிட்டுப் போயிருக்கார். சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல வண்டி எத்தனை மணிக்கு?

— பன்னெண்டு பத்துக்கு. அவர் வர மாட்டார் தேவி.

— என்னை வாய் நிறைய பௌதின்னு கூப்பிடறவரு, அண்ணி நேர்ல போய் மன்னிப்புக் கேட்டா வர மாட்டாரா? எனக்கு வெக்கமா இருக்குதுங்க. அந்த மனுஷனும் நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

— சொன்னார்.

— என்ன சொன்னார்?

— 'பௌதி எழுதினதைத்தான் செஞ்சேன்'னு சீட்டை எடுத்துக் காட்டினார். உன் கையெழுத்துதான். சாப்பாட்டுக்காகவா அவரை அனுப்பினேன்? நாலு பேர் முன்னாடி உன்னைக் குத்தம் சொல்லிட்டாரேன்னு அனுப்பினேன்.