முடிவைச் சொல்லாத கடைத்தெரு

நேரம் கடந்து பேசினால் மணியடிப்பேன் என்று மணியோடு அமர்ந்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் திரையரங்கு உரிமையாளர் அம்மையார் அவர்களே. மேடையின் வலப்பக்கத்தில் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாமன் வாயிலிருந்து என்ன வரப் போகிறதோ என்று கலங்கியிருக்கும் என் அக்காள் மகளே. அடுப்பை அணைத்துவிட்டும் அணைக்க மறந்தும் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே. கண் மங்கினாலும் காது மங்காத என் வயதுக்காரர்களே. காலைக் காட்சி பார்த்துக் கருத்துச் சொன்ன இளைஞர்களே. மாலைக் காட்சிக்குச் சீட்டு வாங்கிக் காத்திருக்கும் மற்ற இளைஞர்களே. அத்தனை பேருக்கும் இந்தச் சோடாக்காரனின் வணக்கம்.

எந்த ஆண்டு என்று என்னைக் கேட்காதீர்கள். எண்ணும் எழுத்தும் எனக்கு எட்டாத கிளை. ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் வெள்ளத்தில் சாய்ந்து, ரயில் அக்கரையிலேயே நின்றுபோன ஆண்டு. நூற்பாலைக் கதவைப் பூட்டி, திறந்து, மறுபடியும் பூட்டிய ஆண்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை, எதற்கென்று தெரியாமலே நாம் போய் நின்ற வரிசை என்று வரிசையிலேயே வாழ்ந்த ஆண்டு. மணிக்கூண்டில் இடி விழுந்து, கடிகாரம் ஒரு பக்கம் மட்டும் ஓடிய ஆண்டு. அந்த ஆண்டில்தான் ஐயா, இன்று மறுபடியும் திரையேறியிருக்கிற இந்தப் படம் முதன்முதலில் இந்தக் கொட்டகைக்கு வந்தது.

காலையில் இளைஞர்கள் கருத்துச் சொன்னதைக் கேட்டேன். "கையைப் பிடிக்கவே இடைவேளை ஆகிவிடுகிறது" என்றார் ஒரு தம்பி. "மர்மத்தைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்" என்றாள் ஒரு பேத்தி. "கதாநாயகன் தலையில் இருப்பது முடியா, குருவிக்கூடா?" என்றார் இன்னொருவர். சொல்லுங்கள். கருத்து என்பது செருப்பு மாதிரி. அவரவர் காலுக்கு அவரவர் அளவு. ஆனால் அன்றைக்கு இந்த வாசலில் விழுந்த கருத்துகளைக் கேட்டவன் நான். உள்ளிருந்து வந்த கூட்டத்துக்குச் சோடா உடைத்துக் கொடுத்தவன் நான். மேடையில் முழங்கியவர்களுக்கும் தொண்டை காயாமல் காத்தவன் நான். இப்போது நான் பேசுகிற பேச்சில் பாதி, காலிப் பாட்டிலோடு எனக்குத் திரும்பி வந்தது.

கதை உங்களுக்குத் தெரியும். பதினாறு வயதுப் பையன், பதினாறு வயதுப் பெண். ஒரே பள்ளி, ஒரே பேருந்து. புதிதாக வந்த பாட்டு ஆசிரியை ஒரு நாள் காணாமல் போகிறார். அவரைத் தேடும் சாக்கில் இருவரும் அலைகிறார்கள். தேடத் தேடக் காதல் வளர்கிறது. காதல் வளர வளரத் திகில் வளர்கிறது. கடைசியில் அந்தப் பெண் பெட்டியும் கையுமாகப் பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். பிறகு?

என்ன தம்பி, பின்னாலிருந்து? "சொல்லிடுங்க தாத்தா"வா? சொல்வேனா? இத்தனை காலம் வயிற்றில் வைத்திருந்ததை உன் ஒரு சத்தத்துக்குக் கொட்டுவேனா? காலைக் காட்சி பார்த்த கனவான்களே, நீங்களும் கொஞ்சம் உதட்டைக் கடித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணாக நடித்தவள்தான் இதோ அமர்ந்திருக்கிற என் அக்காள் மகள். அவள் அப்பா, என் மச்சான், கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தார். படக் கம்பெனிக்காரர்கள் நம் பள்ளிக்கூடத்தில் படமெடுக்க வந்தபோது, வகுப்பறைக் காட்சியில் நாலு பிள்ளைகளோடு நிற்பாள் என்று நினைத்துச் சம்மதித்தார். நின்றவளை நடக்கச் சொன்னார்கள். நடந்தவளைப் பேசச் சொன்னார்கள். பேசியதைப் பார்த்துப் படம் முழுக்க அவளே என்று சொல்லிவிட்டார்கள். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மச்சானால் திரும்பவும் முடியவில்லை, தாண்டவும் மனமில்லை.

படம் வந்தது. கூட்டம் வந்தது. கூடவே கம்பெனி ஆளும் வந்தார். "அடுத்த படத்துக்கும் பாப்பாதான் வேணும். அப்பா சம்மதிக்கணும். சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்றார்.

அதே நேரம் சைக்கிள் கடை வாசலில் ஒரு பேச்சு கிளம்பியது. சைக்கிள் கடைக்காரருக்குப் 'பம்பு' என்று பெயர். அவர் காற்றடிப்பது சைக்கிளுக்கு மட்டுமல்ல என்பதால் வந்த பெயர். படத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னார்: "பொண்ணு பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல நிக்குதாமே. பெட்டியோட நிக்கிற பொண்ணு வேற எங்க போகும்? ஓடத்தான் போகும்."

மச்சான் காதில் அது விழுந்தது. அன்று மாலை வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"படத்துல ஓடிப்போற பொண்ணுன்னா, ஊரு என் பொண்ணையும் அந்தக் கண்ணாலதான் பாக்கும். இந்தப் படத்தோட சரி. பள்ளிக்கூடமும் போதும். வீட்டுல இருக்கட்டும்."

"ஓடினாளா இல்லையான்னு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் என் அக்காள்.

"அந்தக் கொட்டகை வாசல்ல கால் வெக்க மாட்டேன்."

பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். பெற்றவர்களே, உங்களுக்குத் தெரியாத பயமா அது? ஆகவே அவர் என்ன செய்தார்? மறுநாள் காட்சி முடிகிற நேரத்துக்கு வந்து, என் சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். உள்ளே போகாமலே முடிவைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கணக்கு.

இங்கேதான் என் கடைத்தெருவின் பெருமை தொடங்குகிறது.

முதல் நாள் முதல் காட்சி முடிந்தபோதே, வெளியே நின்ற வரிசை உள்ளிருந்து வந்த காய்கறிக்காரம்மாவை மறித்து, "முடிவு என்னக்கா?" என்று கேட்டது. அந்த அம்மாள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "நான் காசு குடுத்துப் பயந்தேன். நீயும் காசு குடுத்துப் பயப்படு." அவ்வளவுதான். யாரும் கூடிப் பேசவில்லை. கையடித்துச் சத்தியம் செய்யவில்லை. அந்த ஒரு சொல் அன்று பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவின் சட்டம் ஆகிவிட்டது. படம் எப்படி என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். முடிவு என்னவென்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார்கள்.

அந்தச் சட்டத்தின் நடுவில் வந்து நின்றார் பெண்ணைப் பெற்றவர்.

கொத்தனார் வெளியே வந்தார். "படம் எப்படி?" என்று மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உம் பொண்ணு ஏறிக் குதிக்கிற சுவரு இருக்கே, கட்டினவன் கையில கிடைச்சான்னா தொலைச்சிருவேன். பூச்சே இல்ல. புள்ள விழுந்துருமோன்னு எனக்கு ஈரக்குலை நடுங்கிருச்சு" என்றார் கொத்தனார்.

"அது சரி, கடைசியில?"

"கடைசியில நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

பேருந்து நடத்துநர் வந்தார். "அந்தப் பையனும் பொண்ணும் பின் சீட்டுல உக்காந்து பேசுறாங்க, நடத்துநர் சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறான். என் வண்டியா இருந்தா நடக்குமா?" என்று பொரிந்தார். பொரிந்தவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "ஆனா அண்ணே, உங்க பொண்ணு அழுவுறப்ப தாடை மட்டும் நடுங்குது பாருங்க. என் தங்கச்சி அப்படித்தான் அழுவா" என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவு? அதுவும் அவரோடு பேருந்தில் ஏறிப் போய்விட்டது.

எதிர்க் கடைத் தையற்காரர் வந்தார். இவருக்கும் என் மச்சானுக்கும் ஆகாது. ஒரு கல்யாணத் துணி கைமாறியதில் வந்த பகை. ஒருவர் நிழலை ஒருவர் மிதிப்பதில்லை. அவரே நின்றார். அவரே பேசினார்.

"உம் பொண்ணு நடிச்சா. நீ தச்ச சட்டையும் கூட நடிச்சுது. தோள்பட்டைத் தையல் அவ ஓடுறப்ப ஒரு இடத்துலயும் இழுக்கல."

மச்சான் முதல் முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "கடைசியில என் பொண்ணு என்ன பண்றா?"

"நமக்குள்ள பகைதான். அந்தப் பகைக்காகக்கூட அதை நான் சொல்ல மாட்டேன்."

கேட்டீர்களா? நண்பன் நமக்காக வாயை மூடுவது நட்பு. பகைவன் நமக்காக வாயை மூடினால் அதற்கு என்ன பெயர்? படித்தவர்கள் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்த பெயர் கடைத்தெரு.

கூட்டம் கலைந்ததும் மச்சான் என் தோளைப் பிடித்தார். "மாப்ளே, நீயாவது சொல்லுடா. நீ பாத்துட்டேல்ல?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு மனிதன் இப்படித் துடிக்கிறான், ஒரு சொல்லில் துடிப்பு அடங்கும், சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நானும் நினைத்தேன். அப்போது கூடையோடு நின்ற காய்கறிக்காரம்மா என் கையைக் கிள்ளி, காதோடு சொன்னார்: "சொன்னேன்னு வெச்சுக்கோ, கேட்டுக்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருவாரு. பெத்த பொண்ணு நடிச்சதைப் பாக்காமலே போயிருவாரு." நான் ஒரு சோடாவை உடைத்து மச்சான் கையில் கொடுத்தேன். அவர் முறைத்த முறைப்பில் சோடாவில் இருந்த காற்றெல்லாம் அடங்கிப்போனது.

வீட்டுக்குப் போய் என் அக்காளைக் கேட்டார். "பக்கத்துல ஒரு சீட்டு காலியா இருந்துச்சு. உங்களுக்குத்தான்னு நெனச்சுக்கிட்டே பாத்தேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. மகளிடம் பேச்சை நிறுத்தியிருந்தவர், வேறு வழியில்லாமல் அவளிடமே போய் நின்றார்.

"படத்துல கடைசியில நீ என்ன பண்றே?"

அவள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெருவுல எல்லார்கிட்டயும் கேட்டீங்க. என்கிட்ட கடைசியா வர்றீங்க. அதனால சொல்ல மாட்டேன்."

சிரிக்காதே தாயே, இதுதான் நீ சொன்னது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவன் நான்.

மறுநாள் சனிக்கிழமை, பகல் காட்சி. மச்சான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நேராக வரிசையில் நின்றார். முன்னால் நின்ற எவரும் "முன்னாடி போங்கண்ணே" என்று சொல்லவில்லை. சொன்னால் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயம். நான் பெட்டியைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே உள்ளே போனேன். கொட்டகை நிறைந்து வழிந்தது. பாதிப் பேர் ஏற்கெனவே இரண்டு முறை, மூன்று முறை பார்த்தவர்கள். எந்த இடத்தில் ஆசிரியையின் குரல் கேட்கும், எந்த இடத்தில் கதவு திறக்கும் என்று தலைகீழாகத் தெரிந்தவர்கள். வழக்கமாக என்ன செய்வார்கள்? கதவு திறக்கும் முன்னரே கூவுவார்கள். பேருந்து நிலையம் வரும் முன்னரே விசில் பறக்கும். முன் வரிசை வசனத்தை முந்திச் சொல்லும்.

அன்றைக்கு என்ன நடந்தது?

கதவு வந்தது, கூவல் வரவில்லை. இருட்டு வந்தது, எச்சரிக்கை வரவில்லை. பேருந்து நிலையம் வந்தது, பெட்டி வந்தது, பெண் வந்தாள். ஒரு விசில் வரவில்லை. தெரிந்த வாய்கள் அத்தனையும் தெரியாத வாய்களாக மாறிவிட்டன. எதற்காக? இருட்டில் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு தகப்பன், தன் மகள் அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்பதை முதல் முறையாக, முழுதாக, அவளிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. பணம் கொடுத்து வந்த கூட்டம் ஐயா. விசிலடிக்க உரிமை உள்ள கூட்டம். அந்த உரிமையை ஒரு தையற்காரனுக்காக மடியில் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அரண்மனை பார்த்த ஊர்கள் இருக்கலாம். அணை கட்டிய ஊர்கள் இருக்கலாம். ஆயிரம் தலையிருந்தும் அசையாத ஒரு நாக்கு வைத்திருந்த தெரு எது என்று கேட்டால், நான் மார்தட்டிச் சொல்வேன்: என் தெரு.

விளக்கு எரிந்தது. மச்சான் எழுந்தார். முகத்தைத் துடைத்தாரா என்று கேட்காதீர்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வாசலுக்கு வந்தார். அடுத்த காட்சிக்கான வரிசை நின்றது. அதில் சைக்கிள் கடைக்காரர் பம்பும் நின்றார். தெருவே வாயைக் கட்டிக்கொண்டதில் அவருக்கும் ஆவல் தாங்கவில்லை.

"என்னண்ணே, பாத்தாச்சா? நான் சொன்ன மாதிரி ஓடிருச்சா பொண்ணு?"

வரிசை முழுதும் திரும்பியது. என் கையில் இருந்த பாட்டில் கையிலேயே நின்றது. மச்சான் பம்பை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிக்கெட்டு எடுத்துக்கிட்டு உள்ள போ. சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான் தாய்மார்களே. பெற்றவர் சொன்ன கருத்து அவ்வளவுதான். அதற்குப் பிறகு எழுந்த விசில், முந்தைய காட்சியில் அடக்கி வைத்த விசிலும் சேர்ந்து எழுந்த விசில்.

வீட்டுக்கு வந்தார். கம்பெனி ஆள் காத்திருந்தார். மச்சான் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தார். "இங்க வா" என்று மகளைக் கூப்பிட்டார். தோளை அளந்தார், கையை அளந்தார்.

"போன தடவைக்கு இப்ப வளந்துட்டே. அந்தச் சட்டை அடுத்த படத்துக்குப் பத்தாது. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப துணியை நீயே பாத்து எடுத்துட்டு வா."

அவள் தாடை நடுங்கியதை நான் பார்த்தேன். நடத்துநர் சொன்னது சரிதான்.

அம்மையார் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன். என்னைப் பேச அழைத்தவர்களுக்கும், பொறுத்திருந்து கேட்டவர்களுக்கும், மாலைக் காட்சியில் பயப்படப் போகிறவர்களுக்கும் என் நன்றி, என் வாழ்த்து, என் வணக்கம். காய்கறிக்காரம்மா போய்விட்டார். கொத்தனார் போனார், நடத்துநர் போனார். தையற்காரர் இருவரும் ஒரே ஆண்டில் போனார்கள். என் அக்காளும் போய்விட்டாள். அன்று இந்த வாசலில் கருத்துச் சொன்ன வாய்களில் இன்று மூச்சோடு இருப்பது ஒன்றே ஒன்று. மூன்றாம் வரிசை, தூணுக்குப் பக்கத்தில், முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கிறார். பார்த்த நாளிலிருந்து இன்றுவரை முடிவை ஒரு உயிரிடமும் சொல்லாதவர்: நம்முடைய பம்பு அண்ணன்.