உப கப்டன்

கழுத்து மூடிய சீருடை வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேன், ஐயா. யாழ்ப்பாணத்து வெக்கைக்கு அது சரிவராது. ஆனால் கப்டனுக்குக் கழுத்துப் பட்டி வேண்டும். பட்டி இல்லாவிட்டால் பதவிச் சின்னத்தை எங்கே குத்துவது என்று கேட்டார். அவருக்கு மூன்று நட்சத்திரம், எனக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. தையல்காரர் கப்டனுடைய மூன்றையும் நூல் பிடித்ததுபோலத் தைத்திருந்தார். என்னுடைய இரண்டில் ஒன்று கொஞ்சம் சரிந்திருந்தது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான்: கதவை ஏன் திறக்கவில்லை? பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும்.

கப்டன் லெனாட் துரைராஜா மானிப்பாய் மிஷன் குடும்பத்து ஆள். லண்டனில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். 'விண்வெளித் துறையில் பணியாற்றியவர்' என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தது. அவர் வேலை பார்த்தது விமானக் கதிரைகளுக்கு இடுப்புப் பட்டி செய்கிற கம்பனியில். பட்டி கட்டாமல் ஒருவரும் மேலே போவதில்லை என்பதால் அது பொய் என்று சொல்லமுடியாது.

அவர் கொழும்புத்துறையில், கடலேரிக் கரையோரம் கைவிடப்பட்டுக் கிடந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்ளே பலகையும் தகரமும் அடித்து ஒரு விண்கலம் செய்தார். பறக்கிற கலமில்லை. பறந்தால் உள்ளே இருக்கிற மனிதர்கள் எப்படி ஒத்துப்போவார்கள் என்று பார்க்கிற கலம். நான்கு பேர், வெளியே வராமல், ஒரு மாதம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து திரையில் பார்ப்பார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் பார்த்துப் பெருமைப்படுவார்கள். காலஞ்சென்ற மனைவியின் பெயரையே கலத்துக்கு வைத்தார்: விண்கலம் பியாட்றிஸ். கரையில் வலை காயப்போடுகிற சனம் எங்களைக் கண்டால், "பியாட்றிஸ் எப்ப வெளிக்கிடுதாம்?" என்று கேட்கும். "பேச்சு முடியட்டாம்" என்று அதுவே பதிலும் சொல்லும்.

நாங்கள் கலத்துக்குள் போன நாள் விழாவில் பேச்சு முடிய மத்தியானம் திரும்பிவிட்டது. எல்லாருக்கும் பொன்னாடை. கடைசியாக நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டபோது முன்வரிசை முழுக்கச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போயிருந்தது. அது எனக்குப் பழக்கம். நான் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக ஓய்வு பெற்றவன். கோயில் பரிபாலன சபையில் உப தலைவர். சனசமூக நிலையத்திலும் உப தலைவர். வெற்றுக் கதிரைகளுக்கு நன்றி சொல்லுவதில் என்னைவிட அனுபவசாலி தென்மராட்சியில் இல்லை.

ஆனால் இந்த முறை ஒரு ஏற்பாடு இருந்தது. பாதிப் பயணத்தில் கட்டளை கைமாறும். "அரைவாசி நான், அரைவாசி நீர், சீவா" என்று கப்டன் என் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னார். என் மனைவி உதயகலா அதைத் தேத்தண்ணித் தட்டோடு நின்று கேட்டா. அடுத்த நாள் சாவகச்சேரிச் சந்தை முழுக்கத் தெரியும்.

மற்ற இருவரையும் சொல்லவேண்டும். கஜானி தாதியாக இருந்து விலகியவ. எங்கள் வைத்திய அதிகாரி. சுதாகரன் குளிரூட்டி திருத்துகிற பொடியன். எங்கள் பொறியியல் அதிகாரி. கப்டனுடைய ஆசனம் மானிப்பாயில் பூட்டிப்போன சலூன் ஒன்றிலிருந்து வந்த சுழல் கதிரை. மிதியை மிதித்தால் ஏறும், இறங்கும். என்னுடையது பிளாஸ்ரிக் கதிரை. அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை.

இனி அந்த மின்வெட்டு. ஒரு நாள் பின்னேரம் கரண்ட் நின்றது. ஜெனரேட்டரும் வேலைசெய்யவில்லை. காற்றாடிகள் நின்றன. ஒரு துண்டு வெளிச்சம் இல்லை. ஐஸ் தொழிற்சாலைச் சுவர்கள் குளிரை உள்ளே வைத்திருக்கக் கட்டியவை, ஐயா; வெக்கையையும் அப்படியே வைத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் யாரோ வெளிக்கதவில் தட்டத் தொடங்கினார்கள். "திறவுங்கோ, நான் சாகப்போறன்" என்று ஒருவர் அழுதார். அது நான் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கப்டன் வந்து என் தோளைப் பிடித்தார். "ஒண்டுமில்லை சீவா, நான் நிக்கிறன்" என்றார். ஏதோ ஒரு ஞானப்பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார். சுதாகரன் இருட்டுக்குள் தடவித் தடவி எதையோ கொழுவினான். வெளிச்சம் வந்தபோது நான் நிலத்தில் இருந்தேன். என் சீருடை நனைந்திருந்தது. வியர்வையால் மட்டும் அல்ல.

வெளியே காவலாளிக்கும் தட்டின சத்தம் கேட்டிருந்தது. அடுத்த நாள் காலை நேரலையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை கேட்டா, ஆர் தட்டினது என்று. கப்டன் சிரித்தார். "அது ஒரு அவசரகாலப் பயிற்சி. எங்கடை உப கப்டன் பயந்த ஆள் மாதிரி நடிச்சவர். நல்ல நடிப்பு, என்ன?" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவர் என்னைக் காப்பாற்றினார் என்று நீங்கள் நினைப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மன்னித்த மனிதனோடு என்ன செய்வது? ஒவ்வொரு நாளும் அதே மேசையில் அவரோடு சாப்பிடவேண்டும். அவர் ஒருநாளும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. கதைக்காமல் இருப்பதை எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்.

சுதாகரனுக்கு அந்த நாகரிகம் இல்லை. "நடிகர் அண்ணை, பிளேன்ரீ ஊத்தட்டோ?" என்பான். "லைற்றை நிப்பாட்டப்போறன், நடிகருக்குச் சம்மதமோ?" என்பான். கஜானி, "சும்மா இரடா" என்று சொல்லிவிட்டு மற்றப்பக்கம் திரும்பிச் சிரிப்பா.

கட்டளை கைமாறவேண்டிய நாள் கிட்டியது. கப்டன் சலூன் கதிரையில் இருந்தபடி சொன்னார்:

"சீவா, இந்த முறை கஜானி பாக்கட்டும். நீர் அடுத்த முறை. பாப்பம்."

"ஏன், சேர்?"

"உமக்கு உது தேவையில்லாத சுமை. நான் உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

நான் ஓம் என்றேன். உப ஆட்களுக்கு அந்தச் சொல் தானாகவே வரும்.

இதற்கிடையில் அந்தப் பொய் வளர்ந்துவிட்டது. அவசரகாலப் பயிற்சியைத் தாங்களும் பார்க்கவேண்டும் என்று பள்ளிக்கூடங்கள் கேட்டன. நானே மறுபடி நடிக்கவேண்டும் என்று ஒரு வகுப்பு கேட்டது. கப்டன் அதற்கு விடவில்லை. இந்த முறை தான் நடிப்பதாகச் சொன்னார். அதுவும் பெருந்தன்மைதான். கட்டளையைக் கஜானியிடம் கொடுக்கிறதுக்கு முன்னம் தன்னுடைய கடைசி வேலையாக அதைச் செய்வதாகத் தீர்மானித்தார்.

ஏற்பாடு இதுதான். பழைய ஐஸ் அறைதான் எங்களுக்கு விண்வெளி. கப்டன் விண்ணுடை போட்டு உள்ளே போய் நடப்பார். விண்ணுடை என்றால் வெள்ளி நிறம் பூசிய மழைக்கோட்டும், மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும். அறைக் கதவு ஒரு சாண் தடிப்பு. கைபிடி எங்கள் பக்கத்தில் மட்டும்தான். வெளிக்காற்றை உள்ளே விட ஒரு விசிறி. அதன் சுவிட்ச் கப்டனுடைய கதிரைக்குப் பக்கத்தில். அவர் உள்ளே நின்று கத்துவார், தட்டுவார். நாங்கள் பதறாமல் விதிப்படி நடக்கவேண்டும். கதவுக்குப் பொறுப்பு நான்.

"நான் என்ன கத்தினாலும் திறக்கக்கூடாது, சீவா. எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன். உம்மிலை எனக்கு நம்பிக்கை இருக்கு."

கஜானிதான் கேட்டா: "உண்மையிலை ஏதும் நடந்தால் என்னெண்டு தெரியும், சேர்? உங்களுக்குப் பிறஷரும் இருக்கு."

கப்டன் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்பிடியெண்டால் சீவாவைக் கப்டன் எண்டு கூப்பிடுவன். மற்றும்படி என்ரை வாயிலை அது வராது."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அப்ப நடிகர் அண்ணை அந்தக் கதவை ஒருநாளும் திறக்கத் தேவையில்லை" என்றான் சுதாகரன். இன்னும் சிரித்தார்கள்.

ஒத்திகை பௌர்ணமிப் போயா தினத்தில். பள்ளிக்கூடம் இல்லை, திரை அணைந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்டன் உள்ளே போனார். கதவைச் சாத்தி கைபிடியை இறக்கினேன். மற்ற இருவரும் பின்னறையில். கப்டன் வெளியே நடக்கும்போது அவருடைய கதிரையில் உப கப்டன் இருக்கவேண்டும் என்பது விதி. இருந்தேன். கதிரை அவருடைய உயரத்துக்கு ஏற்றியிருந்தது. எனக்குக் கால் நிலத்தில் முட்டவில்லை. காதில் மாட்டிய கருவியில் அவர் குரல் கேட்டது. முதலில் நடிப்பு. "பூமியே, பூமியே" என்றார். அவருக்கு நடிக்க வராது.

பொலிசுக்கு முதல் நாள் நான் சொன்னது, விசிறி தானாக நின்றுவிட்டது என்று. அதை வைத்துச் சுதாகரனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நேற்றுத்தான் அறிந்தேன். அவனை விடச் சொல்லுங்கள். அவன் வாய் சரியில்லாதவன், ஆனால் அவனுடைய வேலையில் பிழை இல்லை. தன் பிழைக்குக் கீழே இருக்கிற அதிகாரி ஒருவனைப் பதில் சொல்ல விட்டுக்கொண்டு இருப்பது ஒரு தலைமைக்கு அழகில்லை. அதனால்தான் இன்று வந்தேன்.

விசிறியை நான்தான் நிற்பாட்டினேன்.

தீய எண்ணம் ஒன்றும் இல்லை, ஐயா. ஒரே ஒரு தரம் அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்கவேண்டும், கேட்டவுடன் திறக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு மனிதன் இவ்வளவு காலம் நன்றியுரை சொன்னதற்கு அது பெரிய கூலியில்லை.

கொஞ்ச நேரத்தில் சொன்னார். "சரி சீவா, விசிறி நிண்டிட்டுது. கப்டன், திறவும் பாப்பம்." ஆனால் அதில் ஒரு சிரிப்பு இருந்தது. ஒரு பிள்ளைக்கு இனிப்புக் கொடுப்பதுபோல. அப்படிச் சொன்னதை நான் எப்படிக் கணக்கில் எடுப்பது?

பொறுத்தேன். இரண்டாம் தரம் சிரிப்பு இல்லை, கோபம் இருந்தது. கோபத்தில் சொல்வதும் மரியாதை ஆகாது. பிறகு தட்டத் தொடங்கினார். நான் தட்டியது போலவே தட்டினார். உள்ளங்கையால்.

கஜானி பின்னறையிலிருந்து வந்தா.

"மாஸ்டர், சேர் பலமாத் தட்டுறார்."

"பயிற்சி, பிள்ளை."

"அந்தச் சொல்லைச் சொன்னவரோ?"

"இல்லை" என்றேன். "நல்லா நடிக்கிறார், என்ன?"

அவ என் முகத்தைப் பார்த்தா. நான் இரண்டு நட்சத்திரக்காரன், அவ ஒன்று. திரும்பிப் போனா. அவவிலும் பிழை இல்லை. கப்டன் எனக்குச் செய்த அதே மரியாதையைத்தான் நான் அவருக்குத் திருப்பிச் செய்தேன். பயந்தார் என்று ஆருக்கும் சொல்லவில்லை, நடிக்கிறார் என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினார். "கப்டன், தயவுசெய்து திறவுங்கோ." என்னோடு அதுவரை 'நீர்' என்று கதைத்தவர். "கப்டன் சீவரத்தினம், எனக்கு ஏலாமல் கிடக்கு." முழுப்பெயரோடு, ஐயா. சபையில் கூப்பிடுவதுபோல. எழும்பப்போனேன் என்பது உண்மை. மிதியில் கால் பட்டது. கதிரை மெல்ல இறங்கி என் அளவுக்கு வந்து நின்றது. கால் இரண்டும் நிலத்தில் நன்றாகப் பதிந்தன. அவர் இன்னொரு தரம் சொன்னார். இன்னும் ஒரு தரம் சொல்லட்டும் என்று இருந்தேன்.

குரல் நின்ற பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன். கஜானி ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டுக் கைபிடியைத் தூக்கினா. தலைக்கவசத்தின் கண்ணாடி உள்ளே முழுக்க மூச்சு படிந்து வெள்ளையாக இருந்தது. தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தா. சுதாகரன் முதல் தரமாக ஒரு பகிடியும் விடவில்லை. அவர்கள் இருவரும் என்ன செய்வதென்று என்னைப் பார்த்தார்கள். வெளிக்கதவைத் திறக்கச் சொல்லி நான்தான் கட்டளையிட்டேன். குரல் நடுங்கவில்லை. அதை அவர்களிடம் நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

எனக்கு அவரில் பகை இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. இவ்வளவு காலத்தில் நான் இவ்வளவு விசுவாசமாக வேறு ஒருவருக்கும் கீழே வேலை செய்ததில்லை. திறக்கக்கூடாது என்றார், திறக்கவில்லை.

எழுதி முடித்துவிட்டீர்களா? ஒருக்கால் வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஓம், பெயர் சரி. விலாசம் சரி. பெயருக்கு முன்னால் பதவி போட்டிருக்கிறீர்கள், அதில் மட்டும் ஒரு திருத்தம். அந்த 'உப'வை வெட்டிவிடுங்கள், ஐயா. கடைசியில் அவர் என்னை அப்படிக் கூப்பிடவில்லை.